ஈறும் எலும்பும்

சென்னை மாநகரின் வடபகுதியில், இராயபுரத்தை அடுத்துக் கடலோரமாக அமைந்திருப்பது காசிமேடு. பொழுது புலருமுன்னரே அங்குள்ள மீன்பிடித் துறைமுகம் விழித்துக்கொள்ளும். விசைப்படகுகளும் சிறு படகுகளும் கரையை அணையும்; கூடைகள் இறங்கும்; ஏலக் குரல்கள் எழும். வஞ்சிரமும் வௌவாலும் இறாலும் மிகுந்த விலைக்குப் போகும். அவற்றுள் பல உணவு விடுதிகளுக்கும் வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுவிடும். மற்றொரு புறத்தே நெத்திலியும் மத்தியும் காரப்பொடியும் குவிந்து கிடக்கும். அவற்றின் விலை குறைவு. ஆதலின் அவற்றிற்கு மதிப்பும் குறைவு. சந்தை பொருளை விலையால் மதிக்கிறது. மனித உடலோ அவ்வாறு மதிப்பதில்லை. அதன் தராசு வேறு. அத்தராசில் நெத்திலி வஞ்சிரத்தினும் உயர்ந்து நிற்றலும் உண்டு. அஃது எவ்வாறு என்பதை அறிய வேண்டின், பற்களைப் பற்றி நிற்கும் ஈறுகளைக் குறித்தும் உடலைத் தாங்கி நிற்கும் எலும்புகளைக் குறித்தும் சிறிது அறிதல் வேண்டும்.

'பல் போனால் சொல் போயிற்று' என்பது பழமொழி. சொல் மட்டுமன்று, சுவையும் போம், உணவை நன்கு மென்று உண்ணும் ஆற்றலும் போம். எனவே பற்களைக் காத்தல் இன்றியமையாதது என்பதை யாவரும் அறிவர். ஆயினும், பல்லைப் போற்றும் பலர் அப்பல் ஊன்றி நிற்கும் இடத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. நட்ட கம்பம் ஒன்று சாய்ந்துவிடுமாயின், கம்பம் உளுத்துப்போனது காரணமாக இருக்கலாம். அல்லது கம்பத்தைப் பற்றியிருந்த மண் கரைந்துபோனது காரணமாக இருக்கலாம். பற்களின் செய்தியும் இத்தகையதே. சொத்தை விழுந்து கெடும் பல், உளுத்த கம்பத்திற்கு ஒப்பாகும். முதியோர் பலருடைய பற்களோ சொத்தை சிறிதுமின்றி இருக்கும்போதே ஆட்டங்கண்டு விழுகின்றன. அங்கே கெட்டது பல்லன்று. பல்லைத் தாங்கிய நிலமே கெட்டது.

அந்நிலத்தின் அமைப்பு வியப்பூட்டுவது. பல்லின் வேர், தாடையெலும்பில் உள்ள குழியில் பதிந்திருக்கிறது. வேருக்கும் எலும்புக்கும் இடையே எண்ணற்ற நுண்ணிய நார்கள் ஓடுகின்றன. உணவை மெல்லும்போது உண்டாகும் அழுத்தத்தை அவை தாங்கிக்கொள்கின்றன. இவை அனைத்தின்மேலும் போர்வைபோலப் படர்ந்து, கிருமிகள் உட்புகாவண்ணம் காப்பது ஈறு. ஈறு சிவந்து வீங்குதலும், பல் துலக்கும்போது குருதி கசிதலும் நோயின் தொடக்கமாகும். அந்நிலையில் அதனை எளிதில் நீக்கிவிடலாம். கவனியாது விட்டால் நார்கள் அறும். தாடையெலும்பும் சிறிது சிறிதாகக் கரையும். ஒருமுறை கரைந்த எலும்பு மீண்டும் முன்போல் வளர்வது அரிது. ஆகவே, முற்றிய ஈறு நோய் என்பது உண்மையில் எலும்பைத் தேய்க்கும் நோயே ஆகும். ஈறும் எலும்பும் அண்டை வீட்டார் மட்டும் அல்ல. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த உறவினர்.

அவ்வுறவு எத்தகையது? காசிமேட்டுக் கரையில் அமர்ந்து வலை பழுது பார்க்கும் மீனவரைக் கண்டோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். ஈற்றின் உடலமைப்பு வலையைப் போன்றது. 'கொல்லாசன்' என்னும் புரதப்பொருளால் ஆகிய நார்கள் ஒன்றோடொன்று பின்னி அவ்வலையை உருவாக்குகின்றன. எலும்பும் அதே நார்களால் ஆகிய வலைதான். ஆனால் அவ்வலையின் கண்களில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் கலந்த உப்பு படிந்து இறுகியிருக்கிறது. வலை இல்லையேல் எலும்பு சுண்ணக்கட்டிபோல் நொறுங்கிவிடும். சுண்ணாம்புச் சத்து இல்லையேல் எலும்பு பச்சைக் கொம்புபோல் வளைந்துவிடும். எனவே, எலும்பு உறுதியாக இருக்க வேண்டின் வலையும் வேண்டும். வலையில் படியும் உப்பும் வேண்டும். ஈறு உறுதியாக இருக்க வேண்டின் வலை செம்மையாக இருத்தல் வேண்டும்.

வலைக்கு உயிர்நிலை அதன் முடிச்சு. நூல் எத்துணை வலிதாயினும் முடிச்சு நெகிழ்ந்தால் மீன் நழுவும். உடலில் உள்ள நார்வலைக்கு முடிச்சிடும் வேலைக்குத் துணைநிற்பது 'சி' என்னும் வைட்டமின். நாய், பூனை, ஆடு, மாடு முதலிய விலங்குகள் இவ்வுயிர்ச்சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும் திறன் உடையவை. மனிதனுக்கு அத்திறன் இல்லை. அவன் அதனைக் காய்களிலிருந்தும் கனிகளிலிருந்தும் கீரைகளிலிருந்துமே பெறுதல் வேண்டும். பெறாவிடின் முடிச்சு அவிழும். அவ்வாறு அவிழ்ந்தால் என்ன நேரும் என்பதைப் பழங்காலக் கடலோடிகளின் துன்ப வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

போர்ச்சுகல் நாட்டு மாலுமியாகிய வாஸ்கோ ட காமா 1498ஆம் ஆண்டில் கோழிக்கோட்டை வந்தடைந்தார் என்பதை வரலாற்று நூல்கள் கூறும். அவர் திரும்பிச் சென்ற பயணத்தைப் பற்றி அறிந்தோர் சிலரே. அரபிக் கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரையைக் காண அவருடைய கப்பல்களுக்கு ஏறத்தாழ மூன்று திங்கள் ஆயின. அந்நாட்களில் கப்பலில் கிடைத்த உணவு காய்ந்த ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியுமே ஆகும். பச்சைக் காய்களும் கனிகளும் இல்லை. மாலுமிகளின் ஈறுகள் வீங்கிப் பற்களையே மூடிக்கொண்டன. அவர்களால் உண்ண இயலவில்லை. கால்கள் வீங்கின. அக்கடற்பரப்பில் மட்டும் முப்பது பேர் இறந்தனர். எஞ்சியோருள்ளும் கப்பலைச் செலுத்தும் வலிமை உடையோர் மிகச் சிலரே. 'ஸ்கர்வி' எனப்படும் இந்நோய், புயலையும் போரையும்விட மிகுதியான மாலுமிகளைப் பல நூற்றாண்டுகளாகக் கொன்று வந்தது. சில வேளைகளில் நெடுங்காலத்திற்கு முன் ஆறிய புண்களும் மீண்டும் பிளந்தன. நோயுற்ற குழந்தைகளின் எலும்புகளிலும் குருதி கசிந்து தாங்கொணா வலி உண்டாயிற்று. ஈற்றில் அவிழ்ந்த முடிச்சு எலும்பிலும் அவிழ்ந்தது.

இந்நோய்க்குத் தீர்வு காண முறையான சோதனை செய்தவர் ஜேம்ஸ் லிண்ட் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர். அவர் 1747ஆம் ஆண்டில் 'சாலிஸ்பரி' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில் பணியாற்றினார். ஸ்கர்வியால் வாடிய பன்னிருவரைத் தேர்ந்து இருவர் இருவராக ஆறு பிரிவுகளாக்கினார். எல்லார்க்கும் பொதுவான உணவைக் கொடுத்து, அதனுடன் ஒவ்வொரு பிரிவினர்க்கும் ஒவ்வொரு மருந்தைச் சேர்த்தார். ஒரு பிரிவினர் ஆப்பிள் மதுவும், ஒரு பிரிவினர் நீர்த்த கந்தக அமிலமும், ஒரு பிரிவினர் காடியும், ஒரு பிரிவினர் கடல்நீரும், ஒரு பிரிவினர் பூண்டும் கடுகும் சேர்த்தரைத்த மருந்தும் பெற்றனர். எஞ்சிய இருவர்க்கு நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் அளிக்கப்பட்டன. ஆறே நாட்களில் பழம் உண்ட இருவரும் வியத்தகு முறையில் தேறினர். அவர்களுள் ஒருவர் கடமைக்குத் திரும்பினார். மற்றவர் நோயுற்ற ஏனையோரைப் பேணும் அளவிற்கு வலிமை பெற்றார்.

லிண்ட் தம் ஆராய்ச்சியை 1753இல் நூலாக வெளியிட்டார். ஆயினும், கப்பற்படையினர் அனைவர்க்கும் எலுமிச்சைச் சாறு வழங்கும் வழக்கம் 1795ஆம் ஆண்டில்தான் ஏற்பட்டது. உண்மை வெளிப்பட்ட பின்னரும் அது நடைமுறைக்கு வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதற்குள் மாண்டோர் எத்தனை பேரோ! எலுமிச்சையில் அடங்கிய மருந்துப்பொருள் யாது என்பதும் அப்போது விளங்கவில்லை. அங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-கியார்கி அப்பொருளை 1928இல் பிரித்தெடுத்தார். அதுவே வைட்டமின் 'சி' என்பது 1932இல் உறுதியாயிற்று. அதனை மிகுதியாகப் பெற அவருக்கு உதவியது தம் ஊரில் விளைந்த மிளகாய் இனமே ஆகும். அவ்வறிஞர் 1937இல் நோபெல் பரிசு பெற்றார்.

நம் நாட்டில் இவ்வுயிர்ச்சத்தின் பெருங்களஞ்சியம் நெல்லிக்கனி. ஆரஞ்சில் உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுதியான வைட்டமின் 'சி' அதில் உண்டு. அன்றைய பஞ்சாப் மாநிலத்தைச் சேர்ந்த ஹிசார் வட்டாரத்தில் 1939-40ஆம் ஆண்டுகளில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. பசுமையான உணவு கிடைக்காமையால் மக்களிடையே ஸ்கர்வி பரவியது. அப்போது நெல்லிக்காயைக் கொண்டே அந்நோயைத் தீர்த்தனர். கடலில் கண்ட நோய் நிலத்திலும் தோன்றக்கூடும் என்பதையும், அதற்குரிய மருந்து நம் தோப்புகளிலேயே உண்டு என்பதையும் அந்நிகழ்ச்சி உணர்த்தியது. கொய்யாப்பழமும் இவ்வகையில் சிறந்தது. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் 'சி' உள்ளது. வளர்ந்த ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு வேண்டுவது 80 மில்லிகிராம் அளவே. தள்ளுவண்டியில் விற்கும் ஒரு கொய்யாப்பழம் ஒரு நாளைய தேவையை நிறைவேற்றிவிடும் என்பது எத்துணை எளிய செய்தி!

இனி, வலையின் கண்களில் படியும் சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக் காண்போம். கால்சியம் எனப்படும் இச்சத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்புகளிலும் பற்களிலுமே இருக்கிறது. எஞ்சிய ஒரு பங்கு சிறிதாயினும் அதன் பணி பெரிது. நெஞ்சு துடிப்பதற்கும் தசைகள் இயங்குவதற்கும் குருதி உறைவதற்கும் அஃது இன்றியமையாதது. ஆதலின், குருதியில் அதன் அளவு குறைய உடல் ஒருபோதும் இடங்கொடாது. உணவில் போதிய அளவு கிடைக்காவிடின், எலும்பாகிய பண்டகசாலையைத் திறந்து வேண்டிய அளவை எடுத்துக்கொள்ளும். நாள்தோறும் வரவின்றிச் செலவு மட்டும் செய்யும் குடும்பத்தின் நிலை என்ன ஆகும்? எலும்பின் நிலையும் அதுவே. வெளித்தோற்றத்தில் மாறுதல் ஒன்றும் தெரியாது. ஆண்டுகள் பல கழிந்தபின், சிறிய இடறலிலும் இடுப்பெலும்போ மணிக்கட்டெலும்போ முறிந்துவிடும். தாடையெலும்பும் இப்பண்டகசாலையின் ஒரு பகுதி என்பதை மறத்தலாகாது.

இப்பண்டகசாலையை நிரப்புதற்குரிய காலம் இளமையே ஆகும். எலும்பின் திண்மையில் பெரும்பகுதி இருபது வயதிற்குள் சேர்ந்துவிடுகிறது. அதன்பின் சேர்வது சிறிது. முதுமை நெருங்கும்போது குறைவதே மிகுதி. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் அக்குறைவு விரைந்து நிகழும். எனவே பள்ளியிற் பயிலும் பருவத்தினர்க்கு நாள்தோறும் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். பாட்டியின் முதுகெலும்பு வளைவதற்கும் வளையாமல் இருப்பதற்கும் உரிய காரணங்களுள் ஒன்று, அவர் சிறுமியாக இருந்தபோது உண்ட உணவிலே அடங்கியிருக்கிறது.

சுண்ணாம்புச் சத்தை உண்டால் மட்டும் போதாது. அது குடலிலிருந்து குருதியிற் சேர்தல் வேண்டும். அதற்கு உதவுவது வைட்டமின் 'டி'. எட்வர்டு மெல்லன்பி என்னும் ஆங்கில அறிஞர் 1919ஆம் ஆண்டில் நாய்க்குட்டிகளைக் கொண்டு ஆராய்ந்து, எலும்பு வளையும் நோய் உணவுக் குறையால் உண்டாவது என்றும், காட் மீனின் ஈரல் எண்ணெய் அதனைத் தடுக்கிறது என்றும் காட்டினார். அவருடைய துணைவியார் மே மெல்லன்பி அத்தகைய குட்டிகளின் பற்களை ஆராய்ந்தார். எலும்பு கெட்ட குட்டிகளின் பற்களும் தாடையும் செம்மையாக அமையவில்லை என்பதை அவர் கண்டார். கணவர் எலும்பில் கண்ட உண்மையை மனைவியார் வாயில் கண்டார்.

இவ்வுயிர்ச்சத்தைப் பெற மற்றொரு வழியும் உண்டு. அது கதிரவன் ஒளி. வெயில் தோலின்மீது படும்போது உடல் தானே இச்சத்தை ஆக்கிக்கொள்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட இந்தியாவில், வெளியே வராது நாற்சுவர்க்குள் வாழ்ந்த பெண்கள் பலர் எலும்பு மென்மையுறும் நோயால் வருந்தினர். வெயில் மிகுந்த நாட்டிலேயே வெயில் இன்மையால் நோய் வந்தது. கடலின்மீது நாள் முழுவதும் உழைக்கும் காசிமேட்டு மீனவர்க்கு அக்குறை இல்லை. ஆனால் பகல் முழுவதும் அறையினுள் அமர்ந்து பயில்வோர்க்கும் பணிபுரிவோர்க்கும் இக்காலத்தில் அக்குறை பரவலாகக் காணப்படுகிறது. வெளியில் ஓடியாடி விளையாடுதல் பொழுதுபோக்கு மட்டும் அன்று. எலும்பிற்கு உணவளிக்கும் செயலும் ஆகும். ஓட்டமும் குதித்தலும் எலும்பின்மீது அழுத்தம் உண்டாக்கி அதனை மேலும் திண்மையாக்கும்.

தமிழ்நாட்டு உணவைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. நீலகிரி மலையில் உள்ள குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் உணவு ஆராய்ச்சி நடத்தினார். 1918இல் தொடங்கிய அப்பணி வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக மலர்ந்தது. அந்நிலையம் 1958இல் ஐதராபாத்திற்கு மாறியது. இன்று அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று வழங்குகிறது. இந்தியாவின் பல பகுதி மக்களும் உண்ணும் உணவு வகைகளை மக்காரிசன் எலிகளுக்குத் தனித்தனியே அளித்துப் பார்த்தார். முழுக்கோதுமையும் பாலும் நெய்யும் பருப்பும் காய்கறியும் சேர்ந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. சென்னை மாகாணத்து உணவை உண்ட எலிகளே வளர்ச்சியில் கடைசி இடம் பெற்றன. இது கேட்போர்க்கு நாணம் விளைக்கக்கூடிய முடிவு. ஆனால் குற்றம் அரிசியின்மேல் மட்டும் இல்லை. அரிசியைத் தவிடு நீங்கத் தீட்டியதும், தட்டு முழுவதும் அதனையே நிரப்பியதும், பாலும் கீரையும் கனியும் குறைந்ததுமே குற்றங்களாகும்.

இக்குறையை நீக்கும் பொருள்களும் தமிழ்நாட்டிலேயே உள்ளன. தீட்டிய அரிசி நூறு கிராமில் உள்ள கால்சியம் பத்து மில்லிகிராம் அளவே. பசும்பாலில் அது 120 மில்லிகிராம். கேழ்வரகிலோ ஏறத்தாழ 350 மில்லிகிராம்! முருங்கைக்கீரையிலும் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. முந்தைய நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சும் வழக்கம் பழமையானது. அவ்வாறு புளிக்கவைப்பதால், சத்தை உடலிற் சேரவொட்டாமல் தடுக்கும் பொருள்கள் அதில் குறைகின்றன. முன்னோர் சுவைக்காகச் செய்த செயலில் அறிவியல் நயமும் அமைந்திருந்தது. காசிமேட்டின் சிறு மீன்களுக்கு உரிய பெருமையும் இங்கேதான் விளங்குகிறது. வஞ்சிரத்தை உண்போர் அதன் எலும்பை நீக்கிவிடுவர். நெத்திலியை எலும்போடு மென்று உண்பர். ஆதலின் மீனின் புரதத்தோடு அதன் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் உண்பவரைச் சேர்கிறது. கொழுப்பு மிகுந்த மத்தி மீனில் வைட்டமின் 'டி'யும் உண்டு. உடலின் தராசில் நெத்திலி உயர்ந்து நிற்பது இக்காரணத்தாலேயே.

உணவு என்னும்போது பருகும் நீரையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். சென்னைக்கு வடக்கே உள்ள நெல்லூர் மாவட்டம் அந்நாளில் சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்தது. அங்குள்ள சில ஊர்களில் மக்களின் பற்களில் மங்கிய கறைகள் காணப்பட்டன. நடுவயதினரின் முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகி வளையாமல் நின்றன. கிணற்று நீரில் மிகுதியாகக் கலந்திருந்த புளூரைடே இதற்குக் காரணம் என்பதை ஷார்ட் என்னும் மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும் 1937இல் வெளியிட்டனர். இளமையில் பல் காட்டிய அடையாளம், முதுமையில் எலும்பு அடையப்போகும் துன்பத்திற்கு முன்னறிவிப்பாக இருந்தது. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களிலும் இத்துன்பம் இருந்தது. அம்மக்களுக்குக் காவிரியின் நல்ல நீரை அளிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. சிறிதளவு புளூரைடு பல்லிற்கு நன்மை, மிகையாயின் நஞ்சு. அளவு அறிந்து உண்ணுதல் நீருக்கும் பொருந்தும் அறமாகும்.

இவ்வளவும் கேட்டபின், நல்லுணவு உண்டால் ஈறு நோய் வாராது என்று ஒருவர் முடிவு செய்வாராயின், அது பிழையாகும். இக்காலத்தில் ஈறுகளில் குருதி கசிவதற்குப் பெரும்பாலும் காரணமாவது ஸ்கர்வி அன்று, பல்லழுக்கே ஆகும். உண்டபின் பற்களின் அடியில் மெல்லிய படலம் ஒன்று படிகிறது. அதில் கோடிக்கணக்கான கிருமிகள் வாழ்கின்றன. துலக்காது விட்டால் அப்படலம் கல்போல் இறுகிக் காரையாகிறது. கிருமிகளின் நஞ்சை எதிர்த்து உடல் நடத்தும் போரில் ஈறு வீங்குகிறது. அப்போர் நீடித்தால் எலும்பும் கரைகிறது. எனவே காலையிலும் இரவிலும் பல் துலக்குதல் எவ்வுணவாலும் ஈடுசெய்ய இயலாத கடமையாகும். 'ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி' என்று முன்னோர் கூறினர். குச்சியை மென்று மெல்லெனத் துலக்குதல் தீதன்று. செங்கற்பொடியும் கரித்தூளும் கொண்டு அழுந்தத் தேய்த்தலோ பல்லையும் ஈற்றையும் ஒருங்கே தேய்த்துவிடும். உணவு வலையை வலிமையாக்கும். துலக்குதல் அவ்வலையை அறுக்க வரும் பகையை விலக்கும். இரண்டில் ஒன்று குறையினும் மற்றொன்று தனித்து நின்று வெற்றி பெறாது.

அப்பகைக்குத் துணைபோகும் பழக்கங்களும் சில உள. புகைத்தலும் புகையிலை மெல்லுதலும் அவற்றுள் கொடியவை. புகைப்போர் ஈறுகளில் குருதியோட்டம் குறைவதால், நோய் முற்றியபோதும் குருதி கசியாது. அதனால் நோய் இல்லை என்று அவர்கள் ஏமாறுவர். தேநீரும் பிஸ்கோத்தும் உண்டு காலை உணவை முடித்துக்கொள்ளும் வழக்கம் உழைக்கும் மக்களிடையே பெருகியுள்ளது. அவ்வுணவில் சர்க்கரை உண்டு. நார்வலைக்கும் எலும்பிற்கும் வேண்டிய பொருள் மிகக் குறைவு. நீரிழிவு உடையோரை ஈறு நோய் எளிதில் பற்றும். ஈறு நோய் முற்றினால் நீரிழிவை அடக்குதலும் கடினமாகும். கருவாட்டில் சத்து உண்டெனினும் உப்பு மிகுதி. மிகையான உப்பு குருதி அழுத்தத்தை உயர்த்துவதோடு, சிறுநீரின் வழியே கால்சியத்தையும் வெளியேற்றும். ஆகவே கருவாட்டை நீரில் ஊறவைத்துக் கழுவி, அளவோடு உண்ணுதல் நலம்.

காசிமேட்டிற்கு அணித்தே ஸ்டான்லி அரசு மருத்துவமனை உள்ளது. வடசென்னை மக்கள் அதனைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று வழங்குவர். 1782ஆம் ஆண்டில் போரும் பஞ்சமும் மக்களை வாட்டியபோது, இராயபுரத்தில் மணியக்காரர் சத்திரம் தோன்றிப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தது. கஞ்சி வார்த்த அறத்தின் வழியிலேயே பின்னர் மருத்துவப் பணியும் வளர்ந்தது. முதலில் உணவு, பின்னர் மருந்து. அவ்வரிசை வெறும் வரலாறு அன்று. உடல்நலத்தின் இயல்பான ஒழுங்கும் அதுவே. இன்றும் ஈறு கரைந்து பல் ஆடிய பின்னரே மருத்துவமனையை நாடுவோர் பலர். அவர்கள் இழந்த எலும்பை முழுமையாக மீட்டுத் தருதல் சிறந்த மருத்துவர்க்கும் அரிது. குருதி கசியும் முதல் நாளிலேயே செல்வோர்க்கோ காரையை நீக்குதலும், துலக்கும் முறையைக் கற்றலும், உணவைத் திருத்திக்கொள்ளுதலும் பெரும்பாலும் போதுமானவை.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனம் பெருகும் பொருட்டு, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லுதல் தடுக்கப்பட்டுள்ளது. அந்த 61 நாட்களிலும் காசிமேட்டுத் துறைமுகத்தில் படகுகள் வரிசையாக ஓய்ந்து நிற்கும். வருவாய் சுருங்கும், தட்டில் மீனும் சுருங்கும். அக்காலத்தில் வெறுஞ்சோற்றாலும் தேநீராலும் வயிற்றை நிரப்பும் வீடும் உண்டு. கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் மோரும் பருப்பும் கொண்டு அதே செலவில் உடலைக் காக்கும் வீடும் உண்டு. இரண்டு வீடுகளுக்கும் வருவாய் ஒன்றே. வேறுபாடு அறிவில் உள்ளது. பின்னர் ஆடித் திங்கள் பிறக்கும்போது, அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பர். கூழோடு முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் சேர்ந்து வரும். ஆண்டில் ஒரு திங்கள் விழாவாகப் போற்றப்படும் அவ்வுணவு, ஆண்டு முழுவதும் வீட்டில் இடம்பெறத் தக்கது.

செல்வம் உடையோர்க்கே நல்லுணவு என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியுள்ளது. ஈறும் எலும்பும் அவ்வெண்ணத்தை மறுக்கின்றன. அவை கேட்பது நெல்லி, கொய்யா, முருங்கை, கேழ்வரகு, சிறுமீன், மோர், இளவெயில் ஆகியவற்றையே. இவற்றுள் வெயிலுக்கு விலையில்லை. மற்றவை எளியோர்க்கும் எட்டும் பொருள்கள். லிண்ட் கண்ட உண்மையை ஏற்க ஒரு பேரரசு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அத்தகைய காலத்தாழ்வு வளரும் பருவத்தினர்க்குத் தகாது. எலும்பின் பண்டகசாலை நிரம்புங் காலம் மிகவும் குறுகியது. மலிவான பொருளை இழிவான பொருள் என்று ஒதுக்காமல், தட்டில் உள்ளதை அறிவோடு தேர்ந்து, அளவோடு உண்டு, வாயைத் தூய்மையாகப் பேணுவோர் முதுமையிலும் உறுதியாக மென்று உண்பர், நிமிர்ந்தும் நடப்பர்.